கரடி எழுந்துகொண்ட வாரம்

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். அதிலிருந்து வந்த ஊதல் இசையைக் கேட்டதும் ஆய்ந்துகொண்டிருந்த கீரையை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். அதே கரடி! அந்தக் காலத்தில் மெயின் படத்துக்கு முன்னால் போடுவார்களே, அந்தக் கார்ட்டூன். உங்களிடம் சொல்வதற்கென்ன, சுமாரான படம்தான். அந்தத் தொடரில் கரடி ரயில் ஓட்டும் படம் எவ்வளவோ தேவலை. இதில் ஒரே பாறையைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். கரடி தங்கம் தேடிக் குழி தோண்டும். பெருச்சாளி, குழிக்கு முட்டுக்கொடுத்த கட்டையை உருவும். மலை இடிந்து கரடிமேல் விழும். பேரன் பாதியிலேயே எழுந்து போய்விட்டான்.

எனக்கு மட்டும் வறுத்த பட்டாணியும் பீடிப் புகையும் மணத்தன. தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையின் தியேட்டர் வாசனை அது. அப்போது நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த டீச்சர். சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மைனிங் லைனில், சகாயம் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். சிரிக்க ஆரம்பித்தால் எனக்கு அடங்காது. என் வகுப்புப் பிள்ளைகள் இருட்டிலும் அந்தச் சத்தத்தை வைத்து, "டீச்சர் வந்துகீறாங்கடா" என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

அன்று சனிக்கிழமை மேட்னி. அக்காவும் நானும் போயிருந்தோம். அக்காவின் கணவர் அந்தோணி மாமாவுக்குச் சுரங்கத்தில் பகல் ஷிப்ட். திரையில் மலை விழுந்ததும் கொட்டகையே சிரித்தது. அப்போதுதான் பெஞ்சு தூக்கிப் போட்டது. தலைக்கு மேலிருந்து மண் கொட்டியது.

பூமிக்குள் பாறை வெடிப்பது எங்களுக்குப் புதிதல்ல. சின்ன அதிர்வு என்றால் பேச்சை நிறுத்திவிட்டு, அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். இது அப்படி இல்லை. அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏந்திரிடி. அவரு உள்ளதான் கீறாரு."

பெண்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். படத்தை நிறுத்தவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நாங்கள் வாசலுக்கு நெருக்கியடித்துக்கொண்டு போனபோது முதுகுக்குப் பின்னால் அந்த ஊதல் இசை கேட்டுக்கொண்டே இருந்தது.

சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் வாசலில் ஒருவரும் அழவில்லை. ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் மேலே வரும்போதெல்லாம் கூட்டம் முன்னால் நகரும், முகங்களைப் பார்க்கும், பின்வாங்கும். பொழுது சாய்ந்தபிறகு வந்த கேஜில் மாமா இருந்தார். உடம்பெல்லாம் வெள்ளைப் புழுதி. அக்கா ஓடிப்போய் அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றிருந்த முனிரத்தினத்தின் மனைவியைப் பார்த்தார். முனிரத்தினம் மாமாவோடு ஒரே ஜோடியாக வேலை செய்தவர், அடுத்த லைன்காரர்.

"எனுக்கு முன்னாடிதாம்மா போனான்" என்றார் மாமா.

முனிரத்தினத்தை எடுக்க முடியவில்லை. இன்னும் இடியும் என்று சொல்லி அந்த இடத்தை அடைத்துவிட்டார்கள். மாமா வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே கிடந்தார். சோறு வைத்தால் தின்பார், பேச மாட்டார். அந்த மௌனம் தாங்காமல் அக்கா வாய்க்கு வந்ததையெல்லாம் பேசுவாள். அப்படித்தான் ஒருநாள் அந்தக் கார்ட்டூனைச் சொல்ல ஆரம்பித்து, மலை விழும் இடத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாமா நிமிர்ந்தார். "அப்பறம்?"

நாங்கள் முடிவைப் பார்க்கவில்லையே! நான்தான் துணிந்து சொன்னேன். "அப்பறம் இன்னா மாமா, அப்பளம் மாதிரி ஆயி, உதறிக்கினு ஏந்திரிச்சிடும். எல்லாத்துலயும் அப்படித்தான்."

"ஏந்திரிச்சிடுமா?"

மறுநாள் மூவரும் போனோம். மலை விழுந்ததும் கொட்டகை சிரித்தது. மாமா எழுந்து நின்றார். பின்னாலிருந்து, "யோவ், குந்துய்யா!" என்று கத்தினார்கள். அவர் உட்காரவில்லை. தட்டையாகக் கிடந்த கரடி ஓரத்தில் சுருண்டு, 'டப்' என்று நிமிர்ந்து நடந்தது. மாமா உட்கார்ந்து, தோளிலிருந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்கு எப்போதும் அடங்காத சிரிப்பு அன்று வரவே இல்லை.

அந்தப் படம் ஓடியவரை அவர் தினமும் தனியாகப் போனார். கார்ட்டூன் முடிந்ததும் வெளியே வந்துவிடுவாராம். கேட்டில் நின்றவன் அக்காவிடம் சொன்னான்: "மெயின் படம் பாக்கலியான்னு கேட்டேன்க்கா. அது ஏந்திரிச்சிடுச்சி, போதும்னு சொல்ட்டுப் போறாரு."

வெள்ளிக்கிழமை படம் மாற்றினார்கள். கார்ட்டூனும் மாறியது. போன வேகத்தில் திரும்பி வந்த மாமா, "வேற போட்டுகீறான்" என்றார். திங்கட்கிழமை சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனார். அக்கா தடுக்கவில்லை. அவர் தெருமுனை திரும்பியபிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ரிடையர் ஆகும்வரை அவர் அந்த ஷாப்டில்தான் இறங்கினார். முனிரத்தினத்தின் பெயரை மட்டும் பிறகு சொன்னதே இல்லை.

இப்போது அக்காவும் இல்லை, மாமாவும் இல்லை. தியேட்டர் இருந்த இடத்தில் செருப்புக் கடையும் செல்போன் கடையும் இருக்கின்றன. சுரங்கத்தை மூடி, பம்புகளை நிறுத்திவிட்டார்கள். கேஜ் இறங்கிய லெவல்களில் ஒவ்வொன்றாகத் தண்ணீர் ஏறிவிட்டது என்கிறார்கள். முனிரத்தினம் அங்கேதான் இருக்கிறார்.