இரண்டாவது பிளேட்

1. பென்சில்

கோயம்புத்தூர் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கேமராவைத் தருவார்கள் என்று கையைக் கழுவிக்கொண்டு போய் நின்றேன். முதலாளி ஒரு பென்சிலைத் தந்தார்.

"தம்பி, மூஞ்சியில ஒரு கோடு, ஒரு பள்ளம் தெரியப்படாது. எல்லாத்தையும் ரொப்பிப்போடோணும்" என்றார்.

பிளேட் என்கிற கண்ணாடி நெகட்டிவ் மேல் கூரான பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்தால், பிரிண்டில் அந்த இடம் வெளுத்துவிடும். ரீடச்சிங் என்று பெயர். மில்காரர், வக்கீல், பண்ணையம் பார்க்கிறவர் எல்லாரும் எங்கள் கடையை விட்டு ஒரே முகத்தோடுதான் போனார்கள். சுருக்கமே இல்லாத கிழவர்களை எத்தனை பேர் உண்டாக்கினேனோ, அந்தப் பாவத்துக்குக் கணக்கில்லை.

2. "ஆச்சுங்க, எந்திரிங்க"

இரண்டு வருஷம் கழித்துக் கேமரா கைக்கு வந்தது. கண்ணாடிக் கூரைக்குக் கீழே வெள்ளைத் திரையை இரண்டு பக்கமும் இழுத்துவிட்டு, தூண் வரைந்த படுதாவுக்கு முன்னால் நாற்காலியில் உட்கார வைப்போம். கை முழங்கால் மேல் இருக்க வேண்டும், மூச்சு விடக்கூடாது. ஜனங்கள் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள்.

"ஆச்சுங்க, எந்திரிங்க" என்று சொன்ன மறு நொடி பார்க்க வேண்டும். பிடித்த மூச்சை விட்டு, தோளைத் தளர்த்தி, அவரவர் முகத்துக்குத் திரும்பிவிடுவார்கள். அந்த நொடிக்காக நான் இரண்டாவது பிளேட் ஒன்றைப் போட்டு வைக்க ஆரம்பித்தேன். பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒரு பக்கத்துத் திரையை மட்டும் ஒதுக்குவேன். வெளிச்சம் பக்கவாட்டில் விழும். முடிந்தது என்று அவர்கள் நினைத்திருக்கும்போது எடுத்துவிடுவேன். இதில் பென்சில் வைக்க மாட்டேன். இதுதான் என் பாணி என்று மனசுக்குள் எனக்குப் பெரிய திமிர்.

முதலாளி, "பிளேட்டு என்ன மரத்துலயா காய்க்குது?" என்று கத்துவார். வேண்டாம் என்று கஸ்டமர் ஒதுக்கிய பிளேட்டை வெந்நீரும் சலவைச் சோடாவும் போட்டுத் தேய்த்து, வெறும் கண்ணாடியாக்கி, பிரேமுக்குப் போடுவது எங்கள் கடை வழக்கம். தேய்க்கிற வேலையும் என்னுடையதுதான்.

3. பாதி முகம்

பொள்ளாச்சிப் பக்கமிருந்து செல்லப்பக் கவுண்டர் சம்சாரத்தைப் படம் எடுக்கக் கூட்டி வந்தார். அந்த அம்மாளுக்கு முப்பது வயசு இருக்கும். கன்னம் முழுக்க அம்மைத் தழும்பு.

"ஏனுங்க, அந்தத் தழும்பு தெரியாம பண்ணிப்போடுங்க" என்று கவுண்டர் என் காதோரம் சொன்னார்.

முதல் பிளேட்டுக்கு அம்மாள் மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தார். "ஆச்சுங்க அம்மணி" என்றேன்.

"அட சாமி! இவ்வளவுதானுங்களா?" என்று மூச்சு விட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். இரண்டாவது பிளேட்டில் அந்தச் சிரிப்பை எடுத்தேன். அப்படி ஒரு படம் அதற்கு முன்னாலும் நான் எடுத்ததில்லை, பின்னாலும் எடுத்ததில்லை.

அடுத்த வாரம் இரண்டு புரூபையும், அதாவது மாதிரிப் பிரிண்டையும், கவுண்டரிடம் காட்டினேன்.

"இதென்னுங்க, பாதி மூஞ்சி கருகிக் கெடக்குது? நல்லாருக்கிறவங்கள இப்படியா புடிக்கறது? இதை ஊட்டுல மாட்டுனா வெளங்குமுங்களா?" என்று இரண்டாவதைத் தள்ளிவிட்டார்.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனசுக்குள் திட்டினேன். முதலாளி, "அந்தப் பிளேட்டைத் தேச்சு இவங்க பிரேமுக்கே போட்டுரு, அளவு சரியா இருக்கும்" என்றார். தேய்த்தேன். சிரிப்பு பிசுக்காகக் கரைந்து சோடாத் தண்ணீரில் போயிற்று. அந்தக் கண்ணாடியை, பென்சிலால் தழும்பு ரொப்பிய படத்துக்கு முன்னால் வைத்து ஆணி அடித்துக் கொடுத்தேன்.

4. அவ இல்லீங்களே

அடுத்த தை மாசம் கவுண்டர் தனியாக வந்தார். முகம் நிறையத் தாடி. துண்டில் சுற்றிய பிரேமை மேஜை மேல் வைத்தார்.

"ஊட்டுக்காரி போயிட்டாளுங்க. காய்ச்சல், நாலே நாள். இதைப் பாத்தா வேற ஆரோ மாதிரி இருக்குதுங்க. தழும்பில்லாத அவளை நாங் கண்டதே இல்லீங்களே."

முதல் பிளேட் இருந்தது. டர்பன்டைன் தொட்டுப் பென்சில் புள்ளிகளைத் துடைத்துவிட்டு வேறு பிரிண்ட் போட்டேன். தழும்பு ஒவ்வொன்றும் வந்தது. கவுண்டர் வெகுநேரம் பார்த்தார்.

"தழும்பு இருக்குதுங்க. அவ இல்லீங்களே. அன்னிக்கு நாந் தள்ளுனேன் பாருங்க, அந்தக் கருப்புப் படம், அதுல சிரிச்சாளுங்க. அதைக் குடுங்க."

தேடிப் பார்க்கிறேன் என்று பொய் சொன்னேன். புரூபாவது கிடைக்குமா என்று டிராயரையெல்லாம் கொட்டிப் பார்த்தேன். அந்தத் தாள் வெளிச்சம் பட்டால் நாளடைவில் கறுத்துப்போகும். குப்பையில் கிடந்தது கரித்துண்டாகத்தான் கிடைத்தது. மனுஷன் மூன்று வாரம் பஸ் ஏறி வந்தார். மூன்றாவது வாரம் சொல்லிவிட்டேன்.

"அந்தப் பிளேட் உங்க கையிலதானுங்க இருக்குது. இந்தப் பிரேமுக் கண்ணாடிதானுங்க அது. நாந்தான் தேச்சேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ஆணியைப் பிடுங்கிக் கண்ணாடியைத் தனியே எடுத்தார். துண்டால் துடைத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"ஒண்ணுமே தெரியலீங்களே" என்றார். அதைத் துண்டில் சுற்றி இடுப்போடு அணைத்துக்கொண்டு, "வாரேனுங்க" என்று போய்விட்டார். படத்தை மேஜையிலேயே விட்டுப் போனார்.

5. கேட்கிறவர்களுக்கு

அன்றைக்குப் பிறகு இரண்டாவது பிளேட் போடும் தைரியம் எனக்கு வரவில்லை. மீதி வருஷமெல்லாம் பென்சிலோடு போயிற்று. இன்று படம் எடுக்கிற பிள்ளைகள் வந்து, "அய்யா, உங்க பாணி என்னங்க?" என்று கேட்கிறார்கள். காட்ட ஒன்றும் இல்லை. கவுண்டர் தெரியாமல் தள்ளினார். தெரிந்தே தேய்த்தவன் நான். தேய்க்க மாட்டேன் என்று ஒரே ஒரு தரம் முதலாளியிடம் சொல்லியிருந்தால், அந்த மனுஷனுக்கு அவர் சம்சாரம் மிஞ்சியிருப்பாள்.