நூற்றுக்கு நூறு வாங்கிய நுரையீரல்

1. போட்டி

ஆரணியில் நான் டெக்னீஷியனாக இருக்கும் மருத்துவமனையில் அன்று காலை இரண்டு பிராங்கோஸ்கோபி. முதலில் ஏழுமலை அண்ணன், பட்டுத் தறிக்காரர். அடுத்து, அவர் யாருக்கு நெய்கிறாரோ அந்தக் கடை முதலாளி. மூச்சுக்குழாய்க்குள் கேமரா போகும்போது இருமாமல் இருக்க, இருவருக்கும் ஒரே மயக்க ஊசி. முடிந்ததும் ரெக்கவரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில், மூக்கில் இரண்டிரண்டு லிட்டர் ஆக்சிஜன்.

முதலாளியின் மகன், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் இரண்டு மானிட்டரையும் பார்த்தார். அண்ணனுக்கு 96. அப்பாவுக்கு 93.

"இன்னாப்பா இது? அவருக்கு மட்டும் எப்படி ஜாஸ்தி?"

"தொண்ணூத்தி மூணு போதும் சார். மயக்கம் தெளிஞ்சா தானா ஏறும்."

"நாங்க ஏசி ரூம் எடுத்திருக்கோம். அவருக்கும் ரெண்டு, எங்களுக்கும் ரெண்டா?"

தெளிந்து உட்கார்ந்திருந்த ஏழுமலை அண்ணன் சிரித்தார். "சின்ன மொதலாளி, கூலில புடிக்கிறீங்களே, இதுலயும் ரெண்டு புடிச்சிக்கங்க."

அடுத்த கேஸுக்குக் கருவி எடுத்துவைக்கப் போய்த் திரும்பினேன். மகன் ஆக்சிஜனை முழுசாகத் திறந்துவிட்டிருந்தார். மானிட்டரில் 100. நர்ஸும் நூறைப் பார்த்து நிம்மதியாக அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தார். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். நூறு என்றால் எனக்கும் மரியாதைதான். ஆனால் முதலாளியின் மார்பு அசையவில்லை. அடுத்த மூச்சு வருவதற்குள் மகன் அந்த நூறை மூன்று சொந்தக்காரர்களுக்குப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார்.

ஆக்சிஜனை வெள்ளமாக விட்டால், மூச்சு குறைந்தாலும் நம்பர் உடனே இறங்காது. உள்ளே கரியமில வாயு சேர்ந்துகொண்டே போகும். அந்த மானிட்டருக்கு அது தெரியாது.

தாடையைத் தூக்கிப் பிடித்துக் கத்தினேன். "ஐயா! மூச்சு இழுங்க!"

"இன்னாத்துக்குப் பேஜார் பண்ற? நல்லா தூங்கிகினு இருக்காரு!"

"தூங்கல சார், மூச்சு விடல! சிஸ்டர், டாக்டர ஜல்தி கூப்புடுங்க!"

டாக்டர் ஓடிவந்து, முகத்தில் மாஸ்க்கை வைத்துப் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்தார். மயக்கத்தை முறிக்கும் ஊசி போட்டார். ஆக்சிஜனைப் பழையபடி இரண்டு லிட்டருக்கு இறக்கினேன், மானிட்டரில் 94. முதலாளி கண்ணைத் திறந்து எங்களை முறைத்தார்.

2. விசாரணை

மறுநாள் மேனேஜர் அறையில் என்மேல் புகார்.

"நல்லா தூங்கிகினு இருந்தேன். மூஞ்சியப் புடிச்சி ஆட்டிட்டான்" என்றார் முதலாளி.

"நூறு இருந்துச்சி சார். இவன் வந்துதான் தொண்ணூத்தி நாலாக்கிட்டான்" என்றார் மகன்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "ஐயாகிட்ட சாரி கேளுப்பா."

கேட்டேன். முதலாளி பெரிய மனதோடு நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, மார்பைப் பார்த்தேன். நன்றாக ஏறி இறங்கியது.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளும் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். நம்பரைச் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.