மூட்டைக்கு ஓர் இடம்

பொறியியல் கல்லூரியின் கடைசி வருஷத்தில் எனக்கு எதைப் பார்த்தாலும் அலுப்பாக இருந்தது. எழுபதுகளின் நடுவில் என்று நினைவு. காலையில் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து சைக்கிளில் கல்லூரி; மாலையில் அங்கிருந்து சிகந்தராபாத் ஸ்டேஷன் பக்கம் ஒரு பழைய ஷெட். நடைபாதையில் படுத்துக் கிடப்பவர்களுக்கு இலவசப் பல் மருத்துவமனை அமைக்க ஒரு தர்ம ஸ்தாபனம் அந்த ஷெட்டைக் கொடுத்திருந்தது. வரைபடம் போடும் வேலை எங்கள் வகுப்பில் மூன்று பேர் தலையில் விழுந்தது. சேவை என்று பேராசிரியர் சொன்னார். எத்தனை மதிப்பெண் என்று நாங்கள் கேட்டோம்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. நாற்காலி, எச்சில் துப்பும் தொட்டி, அதற்குச் சாக்கடைக் குழாய், கூரைமேல் தண்ணீர்த் தொட்டி. ஐந்து முறை அழித்து வரைந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளமில்லாமல் வர ஒப்புக்கொண்ட டாக்டரம்மா கேட்டது ஒன்றுதான்: அழுக்கு மூட்டை எதுவும் நோயாளியோடு நாற்காலிப் பக்கம் வரக் கூடாது. அதற்கு வழி கண்டுபிடித்தவன் நான். அப்பா வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண் போட்ட பித்தளை வில்லை உண்டு. எண் போட்டுவிட்டால் எதுவும் தொலையாது என்று நம்பி வளர்ந்த குவார்ட்டர்ஸ் பிள்ளை நான். வாசலில் ஒரு மர அலமாரி, மூட்டைக்கு ஒரு வில்லை என்று ஏற்பாடு செய்தேன். டாக்டரம்மா பாராட்டினார். எனக்கும் தலை கொஞ்சம் கனத்தது.

முதல் நோயாளியையும் நானே பிடித்து வைத்திருந்தேன். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து, வேலை போய், ஸ்டேஷனுக்கு எதிரே படுத்துக்கொண்டிருந்தவர். ஐம்பது வயது இருக்கும். கடைவாய்ப்பல் சொத்தையாகிக் கன்னம் வீங்கியிருந்தது. டீயைத் தவிர எதுவும் உள்ளே இறங்கவில்லை. மூன்று வாரம் பேசித்தான் வரச் சம்மதித்தார்.

திறந்த அன்று வந்தார். மூட்டையைக் கேட்டு வில்லையை நீட்டினேன். அவர் வில்லையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பார்த்தார். அதில் சாய்ந்தால் வாசல் முதுகுப்பக்கம் போய்விடும்.

"இத இங்க உட்டுட்டு அங்க போயி எப்பிடித் தம்பி கண்ண மூடறது? நக்கோ," என்று அந்த ஊர்ப் பேச்சில் வேண்டாமென்றார்.

கண்ணில் படாத மூட்டை திரும்பக் கிடைக்காது என்பது நடைபாதையில் தூங்குகிற எல்லோருக்கும் தெரியும். எங்கள் மூவரில் ஒருவர்கூட அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்று அது எனக்கு உறைக்கவும் இல்லை. மூன்று வாரம் வீணாகிற எரிச்சல்தான் இருந்தது. அதுவரை மரியாதையாகப் பேசியவன், "உன் கந்தலை யாரு திருடப் போறா?" என்றேன். வரிசையில் நின்றவர்களில் தமிழ் தெரியாதவர்களுக்கும் தொனி புரிந்தது. அவர் வில்லையை என் கையில் வைத்துவிட்டு நடந்தார். பின்னாலேயே இன்னும் நாலு பேர் போனார்கள்.

அலமாரியைப் பெயர்த்து நாற்காலிக்கு எதிர்ச்சுவரில் வைக்க அரை நாள்தான் ஆயிற்று. டாக்டரம்மா முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அடுத்த ஞாயிறு ஆட்கள் வந்தார்கள். கன்னம் வீங்கியவர் மட்டும் வரவில்லை. தேடிப் போகவும் எனக்கு வெட்கமாக இருந்தது.

பத்து நாள் கழித்து மார்க்கெட் ஓரம் அவரைப் பார்த்தேன். வீக்கம் வடிந்திருந்தது. நடைபாதையில் துணி விரித்துப் பல் பிடுங்குகிற ஒருவனிடம் போயிருக்கிறார். மூட்டையை மடியில் வைத்துக்கொண்டே உட்கார விட்டானாம். சொத்தையோடு பக்கத்திலிருந்த நல்ல பல் இரண்டையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டான். ரொட்டியைத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் விழுங்குவதாகச் சொன்னார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு. அலமாரி இப்போது கண்ணெதிரே இருக்கிறது என்றேன். தலையாட்டினார்.

"போன பல்ல திரும்பக் கட்டிக் குடுப்பாங்களா தம்பி, அங்க?"

பல் கட்டும் வேலைக்கு எங்கள் வரைபடத்தில் இடமே விட்டிருக்கவில்லை. இல்லை என்றேன்.

"பரவால்ல வுடு தம்பி," என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.