வீடு முழுவதும் எனக்கே

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரமும் ஆறுதல் வார்த்தைகளை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். சுனாமி வந்து நான்கு மாதம் ஆகியிருந்த ஏப்ரல் அது. உடன் வந்தவர்களில் பெரும்பாலோர் நிவாரணப் பணிக்காரர்கள். ஆளுக்கொரு தொப்பி, கழுத்தில் அடையாள அட்டை. என்னிடம் இருந்தது ஒரு கருவாட்டு மூட்டை.

நான் தூத்துக்குடியில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருப்பவன். என்னை அனுப்பியது எதிர்வீட்டு ரோசம்மாள். அவளுடைய தங்கை பிலோமினா வாக்கப்பட்டுப் போன ஊர் அந்தமான். "போன்ல நல்லாயிருக்கேன்னுதான் சொல்லுதா அண்ணாச்சி. வீட்டப் பத்திக் கேட்டா மட்டும் பேச்ச மாத்துதா. நேர்ல பாத்துட்டு வந்து உள்ளதச் சொல்லுங்க. டிக்கெட்டு நான் எடுத்துத் தாரேன்" என்றாள். விமானத்தில் ஏறாமலே செத்துப்போய்விடுவேனோ என்று கவலையில் இருந்தவன் நான். அவள் பேசி முடிப்பதற்குள் தலையாட்டிவிட்டேன்.

விமான நிலையத்துக்கு வெளியே வந்தால் அழுகையும் ஓலமுமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆட்டோக்காரர்கள் கூட்டமாக நின்று கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார்கள். தங்கவேல் என்பவர் என் பையை வாங்கிக்கொண்டார். அவருடைய குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறியதாம். நான் போகவேண்டிய பத்துபஸ்தி பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அவருக்கு என்னை அவ்வளவு சீக்கிரம் இறக்கிவிட மனமில்லை.

"ரோடு தண்ணிக்குள்ள போன எடம் பாக்கணுமா அண்ணா? மெயின்லேண்ட்ல இருந்து வர்றவங்க பூரா அதத்தான் கேக்குறாங்க."

சிப்பிகாட் வரை போய்வர இருநூறு ரூபாய் என்றார். போனோம். பூகம்பத்தில் நிலமே தாழ்ந்துபோய்க் கடல் வயலுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. முட்டளவு உப்புத் தண்ணீரில் தென்னைகள் மொட்டையாகச் செத்து நின்றன. பக்கத்துச் சந்து ஒன்று தண்ணீருக்குள் இறங்கிக் காணாமல் போயிருந்தது. அதன் கரையில் ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, கடல் வற்றி வழிவிடட்டும் என்று பீடி குடித்துக்கொண்டிருந்தார். ஒத்திகை பார்த்ததை எல்லாம் தங்கவேலிடம் உரத்த குரலில் கொட்டினேன். மனதைத் தளரவிடக் கூடாது, காலம் ஆற்றும், இப்படியாக.

பொறுமையாகக் கேட்டவர், "ஃப்ளைட்ல காது அடைச்சிருக்கும் அண்ணா. எச்சில முழுங்குங்க, டீக் ஆயிடும்" என்றார். விழுங்கினேன், சரியாகிவிட்டது.

பத்துபஸ்தியில் பிலோமினாவின் வீடு சின்னது. ஆனால் காங்கிரீட் வீடு. ஜன்னலுக்கு மேலே ஒரு விரிசல். வாசலில் நீலத் தார்ப்பாய்க் கூடாரம். அதற்குள் அடுப்பு, பாய், மாதா படம், ரேடியோ என்று ஒரு குடித்தனமே நடந்துகொண்டிருந்தது. கூடாரத்துக்கு முன்னால் ஒரு வாளி நிறையத் தண்ணீர். கால் கழுவலாம் என்று அதில் குவளையை விட்டேன்.

"அய்யோ அண்ணாச்சி, அதத் தொடாதீங்க!" என்று பிலோமினா ஓடிவந்தாள்.

அது கழுவுகிற தண்ணீர் இல்லை, பார்க்கிற தண்ணீர். நிலம் லேசாக ஆடினாலும் முதலில் வாளித் தண்ணீர் அலையும். கறிக்கு உப்புப் போடுவதற்கு முன்னும் பின்னும் அவள் கண் அங்கேதான் போய்வந்தது.

ரோசம்மாள் கொடுத்தனுப்பிய கருவாட்டைக் கொடுத்தேன். சுனாமிக்குப் பிறகு அவர்கள் மீனைத் தொடவில்லையாம். கடல் யார் யாரைக் கொண்டுபோயிற்று என்று தெரிந்தவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள்? "இது சுனாமிக்கு முன்னாடி காயப்போட்டதா, பின்னாடியா?" என்று கேட்டாள். "முன்னாடி" என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது. இருந்தாலும் அவள் முகம் மலர்ந்தது.

பிறகு என்னை வீட்டுக்குள் போகச் சொன்னாள். வெளியே படுத்துக்கொள்கிறேன் என்றதற்கு, "விருந்தாளியத் தார்ப்பாய்ல படுக்கவச்சேன்னு எங்கக்கா காதுல விழுந்தா என்ன ஆவும்? கட்டில் இருக்கு, ஃபேன் இருக்கு, பூரா கர், மொத்த வீடும் உங்களுக்குத்தான்" என்றாள். ஆனால் அவள் வாசற்படியைத் தாண்டவில்லை. "எடது பக்கம் சுவிச்சு... அது இல்ல, அதுக்குக் கீழ" என்று வெளியே நின்றே என்னைக் குடிவைத்தாள். மதியச் சாப்பாடும் ஜன்னல் கம்பி வழியாகத்தான் வந்தது. கைதிகளுக்குப் பேர்போன ஊர். நானும் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து பருப்பு சாதம் சாப்பிட்டேன்.

அவள் கணவர் சவரிமுத்து படகு இன்ஜின் மெக்கானிக். கையில் கிரீஸோடு உள்ளே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மொஹல்லால, இந்தத் தெருவுல எல்லாரும் வீட்டுக்குள்ள போயாச்சு அண்ணாச்சி. இன்ஜினியர் சாப் வந்து பாத்து, விரிசல் ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லிட்டாரு. இவ மட்டும் அந்தக் காலையில ஓடிவந்தவதான், திரும்ப உள்ள காலெடுத்து வைக்கல. அடுத்த மாசம் மழை எறங்கிரும். இந்த ஊரு மழையில தார்ப்பாய் தாங்குமா? நீங்க ரெண்டு நாள் உள்ள இருந்து காட்டுங்க. ஒண்ணும் ஆவலேன்னா அவளும் வந்துருவா."

"ஏதாவது ஆனா?" என்று கேட்டேன்.

அவர் அதைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. விருந்தாளி என்று வந்த என்னை எலிப்பொறியில் வைத்த தேங்காய்ச் சில்லு ஆக்கிவிட்டாரே என்று எனக்குக் கோபமான கோபம். ஆனாலும் கட்டில் நன்றாகத்தான் இருந்தது, தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலை குளியலறையில் தலை முழுக்கச் சோப்பு போட்டிருந்தபோது குவளை தானாகக் கடகடத்தது. லாரி போகிறது என்று நினைத்தேன். அடுத்த நொடி தரை காலுக்கடியில் நழுவியது. எப்படி வெளியே வந்தேன் என்று கேட்டால் தெரியாது. கண்ணைத் திறந்தபோது தெரு நடுவில், இடுப்புத் துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மாதாவே" என்று கத்திக்கொண்டிருந்தேன். நான் சைவப்பிள்ளை.

தெருவே வெளியே வந்து நின்றது. எதிர்வீட்டு வங்காளி அம்மாள் வாளியை எட்டிப் பார்த்து, "சோட்டா வாலா" என்று தீர்ப்புச் சொன்னாள். சின்னதுதானாம். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிலோமினா வாயைப் பொத்தினாள், அடக்க முடியாமல் சிரித்தாள், அடுப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர்வரச் சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது.

"அய்யய்யோ, எங்கக்கா ஊருலருந்து வந்த மனுசரு! இப்பிடியா துண்டோட தெருவுல நிக்க விடுறது?" என்று ஒரே ஓட்டமாக வீட்டுக்குள் போனாள்.

சவரிமுத்து என் ஈரக் கையைப் பிடித்து இறுக்கினார். "பேசாதீங்க அண்ணாச்சி. நெனப்பு வந்துரப் போவுது."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "சட்டைய எங்க வச்சிருக்கீங்க? இது என்ன, கட்டில் மேல ஈரத் துணி! ஃபேன் மேல எவ்ளோ தூசி!" சட்டை ஜன்னல் வழியாகப் பறந்து வந்தது. அதற்குப் பிறகும் அவள் வரவில்லை. விளக்குமாற்றுச் சத்தம்தான் வந்தது. சவரிமுத்து மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டார். தலையில் சோப்பு காய்ந்து இறுகிக்கொண்டிருந்தது. எனக்கும் கண் கலங்கியது, அது சோப்பால் அல்ல.

அன்று மதியமும் சாப்பாடு ஜன்னல் கம்பி வழியாகவே வந்தது. இந்த முறை நீட்டியவள் உள்ளே, வாங்கியவன் வெளியே. எத்தனை பேர் சொல்லியும் ஊருக்குக் கிளம்பும்வரை தார்ப்பாயை விட்டு நான் நகரவில்லை.

தூத்துக்குடி வந்ததும் ரோசம்மாள் முதலில் கேட்டது, "வீட்டுக்குள்ளதான இருக்கா?"

"உள்ளதான் இருக்கா, உள்ளதான் தூங்குதா, நல்லாயிருக்கா" என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

நான்காம் நாள் மறுபடி வந்தாள். "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க. அந்தமான் போயிட்டு வந்ததுலேருந்து நீங்க ஏன் மொட்டை மாடியில படுக்கீங்க?"

காற்றுக்காக என்றேன். அவள் பார்வை என் பாய்க்குப் பக்கத்தில் தளும்பத் தளும்ப நிறைத்து வைத்திருந்த வாளியின் மேல் இருந்தது.