வெள்ளி நூல் பனியன்

முதலிபாளையத்தில் முள்காடாகக் கிடந்த இடத்தில் ஒரு கொட்டகை போட்டுப் பனியன் கம்பெனி ஆரம்பித்தேன். ஏழாம் வகுப்பைத் தாண்டாதவன் சொந்தமாக நிட்டிங், கட்டிங், தையல், ஏற்றுமதி என்று வளர்ந்தேன். பேங்கில் கையை விரித்த பிறகும் மூன்றாவது கட்டடம் எழுந்தது. மகளை டாக்டர் பட்டம் வரை படிக்க வைத்தேன். அதையும் நான் கட்டியதில்தான் சேர்ப்பேன்.

இதயத் துடிப்பின் சிக்னலிலிருந்து இரைச்சலை நீக்குவது அவள் படிப்பு. நெஞ்சில் பட்டை ஒட்டாமல், போட்டிருக்கும் பனியனே துடிப்பைப் பிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். துடிப்பைக் கடத்த அவள் கொண்டுவந்த வெள்ளி பூசிய நூல் மெஷினில் அறுந்துகொண்டே இருந்தது. வேகத்தைக் குறைத்து, மெஷின் பக்கத்திலேயே நின்று நானே பின்னிக் கொடுத்தேன். இறங்கிய துணியில் ஒரு துண்டை வெட்டி என் நெஞ்சில் கட்டிக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"அப்பா, கோடு எவ்வளவு சுத்தமா வருது பாருங்க."

"பின்ன? ஆரு ஓட்டுன துணி கண்ணு?"

மீதித் துணி வழக்கம்போலச் சாயப்பட்டறைக்குப் போனது. துணி மெத்தென்று இருக்க அங்கே கடைசியில் சாஃப்ட்னர் ஏற்றுவார்கள். எங்கள் ஊரில் அது யாரும் சொல்லாமலே நடக்கும். தைத்து வந்த பனியனைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குப் போட்டபோது வெறும் இரைச்சல்தான் வந்தது. அவளுடைய பேராசிரியர் அந்த வேலையை நிறுத்தச் சொன்னார். அவள் ஸ்கேன் படங்களைத் தெளிவாக்கும் ஆராய்ச்சிக்கு மாறினாள். வெளிநாடு போய்ப் பெயரும் வாங்கினாள்.

பல வருஷம் கழித்து வெள்ளி நூல் சாக்ஸுக்கு ஓர் ஆர்டர் வந்தது. "சாஃப்ட்னர் மட்டும் போட்றாதீங்க. வெள்ளி மேல படலம் மூடிக்கும், கரண்ட் போகாதுங்க" என்றார் பல்லடத்து நூல் வியாபாரி. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பி வந்த முகம் அப்போது ஞாபகம் வந்தது. போனில் அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

போன மாதம் ஊருக்கு வந்தபோது கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில் தன் ஆராய்ச்சியைப் பற்றி அவள் பேசினாள். முதல் முயற்சி தோற்றது, துணி சரியில்லை என்று ஒரே வரியில் கடந்துவிட்டாள். முன்வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். திரும்பும்போது காரில் சொன்னேன்.

"துணி சரியாத்தான் இருந்துச்சு கண்ணு. சாஃப்ட்னர் கெடுத்துருச்சு."

"இனி அதை ஆருங்கப்பா கேக்கப் போறாங்க?"

"நாங் கேக்கறேன்."

அந்தப் பனியன் நின்றுபோனது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அவள் இப்போது தன் ஆராய்ச்சியைப் புத்தகமாக எழுதுகிறாள். சாஃப்ட்னர் பழியை என் தலையிலேயே போடட்டும். ஆனால் மெஷினிலிருந்து இறங்கிய துணி துடிப்பைப் பிடித்தது. அதைப் பின்னியது அவள் அப்பன் என்று அந்தப் புத்தகத்தில் அச்சாக வேண்டும்.