போனதற்கு ஒரு வழக்கு, போகாததற்கு ஒரு வழக்கு

பதுளை நீதிமன்றத்தில் நான் பியோனாக இருந்த காலம் முழுவதும் எனக்கிருந்த முக்கியமான வேலை நாற்காலி போடுவது. தோட்டத்துத் துரை எவராவது வழக்கோடு வந்தால், மேடைமேல் நீதவானுக்குப் பக்கத்திலேயே அவருக்கு ஒரு நாற்காலி போட வேண்டும். வழக்குப் போட்டவர் மேலே நீதவானோடு தோள் உரசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குற்றம் சாட்டப்பட்டவர் கீழே மரக்கூண்டில் நிற்பார். மேலே இருக்கும் இரண்டு பேரும் முந்தின நாள் ஒரே கிளப்பில் ஒன்றாகக் குடித்தவர்கள். இதற்குப் பெயர் நியாய ஸ்தலமாம். தூ!

நான் சேர்ந்த புதிதில் வந்த வழக்கெல்லாம் ஒரே மாதிரிதான்: தோட்டத்து ஆள் சொல்லாமல் போய்விட்டான், பிடித்து உள்ளே போடுங்கள். எங்கள் வாப்பாவின் துணிக்கடையில் துணி அளந்த மனிதர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். வாப்பா ஒரு வாரம் அவரை வைதார், அவ்வளவுதான், பொலிஸ் வரவில்லை. தோட்டத்து ஆள் மட்டும் ஒரு மாதம் முன்னதாகத் துரையிடம் சொல்லாமல் வேலையை விட்டால் அது குற்றம், அதற்குச் சிறை. அப்படித்தான் சட்டம் எழுதி வைத்திருந்தார்கள், மகா புத்திசாலிகள்.

அப்படி வந்தவள்தான் பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த அந்தப் பெண். இருபது வயதிருக்கும். லுணுகலைப் பக்கம் இன்னொரு தோட்டத்தில் தாய் சாகக் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டு நடந்தே போயிருக்கிறாள்.

"பெரட்டுல வச்சு எல்லார் முன்னாடியும் சொன்னேங்க," என்றாள். "தொரை காதுல வாங்காம குதிரையத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாருங்க."

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்த இடத்தில் நூறு பேராவது நின்றிருப்பார்கள். ஒருவரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. நீதவான் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார், துரை தலையை ஆட்டினார், பதினான்கு நாள் மறியல் என்று சிறைக்கு அனுப்பினார்கள். அவள் உள்ளே இருந்தபோதே தாய் செத்துப்போனாள். வெளியே வந்ததும் அதே தோட்டத்துக்கே திருப்பி அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு இருபது வருஷம் போல ஆகியிருக்கும், அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். வேலையை விட்டதற்காக இனி யாருக்கும் சிறை இல்லை. துரைமார் முகத்தைப் பார்க்க வேண்டுமே, குடி முழுகிப் போனது போல இருந்தது! நானும் ஒரு மடையன். நாற்காலிக்கு இனி வேலை இல்லை என்று சந்தோஷப்பட்டு அதைத் தூக்கிப் பின்னறையில் போட்டேன். சில மாதம்கூட ஆகவில்லை, தூசி தட்டி எடுத்துவரச் சொன்னார்கள்.

இந்த முறை வந்த வழக்குகளைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. தோட்டத்து வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஆள், லயம் என்கிற வரிசை வீட்டில் தனக்குக் கொடுத்த காம்பரா அறையைவிட்டுப் போகவில்லை, அத்துமீறி உள்ளே இருக்கிறான், தண்டியுங்கள். நேற்றுவரை போகாதே என்று பிடித்தவர்கள், இன்று போ என்று பிடிக்கிறார்கள். வெட்கம் மானம் இருக்கிறவன் செய்கிற காரியமா இது?

ஒருநாள் வழக்கம்போல மூன்று தரம் பெயரைக் கூவினேன். நரைத்த தலையோடு ஒருத்தி வந்து என்னை உற்றுப் பார்த்தாள்.

"நானா, இன்னமும் நீங்கதானா?" என்று, முஸ்லிம்களை அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் வழக்கப்படி கேட்டாள்.

அவளேதான், தாயைப் பார்க்கப் போனதற்கு மறியலுக்குப் போன அந்தப் பசறைப் பெண். மகன் கங்காணியை எதிர்த்துப் பேசினானாம், ஒரு மாத அவகாசம் கொடுத்துக் குடும்பத்தையே நிறுத்திவிட்டார்கள். மகன் வேலை தேடி மொனராகலைப் பக்கம் போனவன் இன்னும் திரும்பவில்லை. மருமகள் நிறைமாதம். லயத்தில் தனியே விடப் பயந்து, மாட்டு வண்டியில் கூட்டிவந்து நீதிமன்ற வராந்தாவில் உட்கார வைத்திருந்தாள்.

கூண்டில் ஏறியதும் கும்பிட்டாள். "அய்யா, என்னைய மறியலுக்கு அனுப்புங்க. எத்தன நாளுன்னாலும் இருக்கேன். அந்தப் புள்ளைய மட்டும், பெத்துப் பொழைக்கிற வரைக்கும், ஒரு பத்து நாளு காம்பராவுல விட்டு வைங்க."

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரான முதலியார் அதை நீதவானுக்கு இங்கிலீஷில் சொன்னார். நீதவான் பக்கத்து நாற்காலியைப் பார்த்துப் புன்னகைத்தார். பிறகு மனமிரங்கினார், பாவம், எவ்வளவு பெரிய மனசு! முதலியார் தீர்ப்பைத் தமிழில் சொன்னார்: "உனக்கு மறியல் வேண்டாம். இன்றைக்கே காம்பராவை விட்டுப் போய்விட்டால் தண்டனையே கிடையாது. துரை அவர்களுக்கு நன்றி சொல்லு."

"எரக்கம் வேணாங்க," என்றாள். "மறியல் குடுங்க."

அதை முதலியார் மொழிபெயர்க்கவில்லை. அடுத்த பெயரைக் கூவச் சொன்னார்கள், கூவினேன். நான் மட்டும் என்ன கிழித்தேன்?

சாட்சிக்கு வந்திருந்த கங்காணி, வெளியே போகும்போது அவளிடம் சொல்லிவிட்டுப் போனான்: "காம்பராவுக்குக் காலையிலயே பூட்டுப் போட்டாச்சு. சட்டி பானையெல்லாம் வாசல்ல கெடக்கு, நாளைக்கு வந்து எடுத்துக்க." அவள் இங்கே கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோதே அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. அப்படியானால் இந்தத் தீர்ப்பு எதற்கு, இந்த மேடை எதற்கு, நான் எதற்கு?

பின்னேரம் வரை இருவரும் வராந்தாவிலேயே இருந்தார்கள். மருமகள் தூணில் சாய்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இவள் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். மழை பிடித்துக்கொண்டது. நாலு மணிக்கு வராந்தாவைக் காலி செய்து கதவைப் பூட்டுவதும் என் வேலைதான். நாற்காலியை ஈரம் படாமல் உள்ளே எடுத்து வைத்தேன். பிறகு சாவிக்கொத்தோடு அவர்களிடம் போய் நின்றேன்.

நான் வாய் திறக்குமுன்னே அவள் மருமகளைக் கைத்தாங்கலாக எழுப்பினாள்.

"போவச் சொல்லத்தானே வந்தீங்க, நானா? போறோம், போறோம்," என்றாள்.

நான் வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்.