கோன் பிடித்த விரல்

முதலில் அரித்தது வலது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும். மருதாணிக் கோனைப் பிடிப்பது அந்த இரண்டும்தான். கண்டிக்குப் பக்கத்து அக்குறணையில் கல்யாணப் பெண்களுக்கு மருதாணி போடுவது என் தொழில்.

அரிப்பு உட்கார விடாது. அரிப்பு வந்தவர் என்றால் உங்களுக்கும் தெரியும். பேசிக்கொண்டே விரலை உட்கார்ந்திருக்கும் கதிரையின் விளிம்பில் தேய்ப்பேன். மருதாணி குளிர்ச்சி என்பது எங்கள் வீட்டு வைத்தியம். மிஞ்சிய கோனைப் பிதுக்கி அரித்த இடத்திலேயே பூசினேன். மறுநாள் கொப்புளம் கட்டி நீர் வடிந்தது. இன்னும் கொஞ்சம் பூசினேன். என் புத்தி அப்படி.

"இது நம்மட பரம்பரை வருத்தம். ஒங்கட வாப்பாக்கும் மூச்சிழுப்பு ஈந்திச்சே" என்றார் உம்மா. நம்ப ஆசையாக இருந்தது. பரம்பரை நோய் என்றால் தொழிலில் குற்றமில்லை.

கண்டியில் நான் பார்த்த தோல் மருத்துவர் யாழ்ப்பாணத்துக்காரர். கரப்பான் என்னும் இந்தத் தோல் நோய் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் காரணம் வேறு வேறு என்றார் அவர். ஒன்று பிறவியோடு வருவது. இழுப்பும் தும்மலும் உள்ள குடும்பங்களில் அதிகம். இன்னொன்று சவர்க்காரமும் தண்ணீரும் தோலைக் கெடுத்து, யாருக்கும் வரக்கூடியது. மற்றது ஒவ்வாமை (ஒரு பொருளைப் பகையென்று உடம்பு முடிவு கட்டுவது).

"கோனுக்குள்ள என்ன கலக்கிறனீங்கள்?"

"மருதாணிதான், டொக்டர்."

"மருதாணி கறுப்பா விழாது."

தலைக்கு அடிக்கும் கறுப்பு டையைக் கலப்பதாக, மேசையைப் பார்த்தபடி சொன்னேன். கறுப்பாக விழுந்தால்தான் பெண் வீட்டார் மெச்சுவார்கள்.

ஒட்டுப் பரிசோதனை செய்தார்கள் (சந்தேகப்படும் பொருள்களை முதுகில் சிறு துண்டுகளாக ஒட்டிப் பார்ப்பது). இரண்டு நாள் நனைக்கவோ சொறியவோ கூடாது. வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். உம்மாவோடு காரணமில்லாமல் சண்டை பிடித்தேன். டையாக மட்டும் இருக்கக் கூடாதென்று இறைவனிடம் துஆ கேட்டேன்.

அதற்கு முன்பே, திகன என்ற ஊரில் ஒரு மணப்பெண், நான் மருதாணி போட்ட மறுநாள், "மணிக்கட்டு எரியுது ராத்தா" என்று போனில் அழைத்திருந்தாள். "சூட்டு உடம்பு தங்கச்சி, இன்னும் கொஞ்சம் பூசுங்க" என்று சொல்லியிருந்தேன். அதனால்தான் அந்த துஆ.

துண்டுகளை எடுத்தபோது ஓர் இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது.

"டைதான். இனி ஒருநாளும் தலைக்கும் அடிக்காதேங்கோ. தோல் இதை மறக்காது. இலையை அரைச்சுப் போடலாம், அது உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லை."

தொழில் தப்பியது. களிம்பில் விரலும் ஆறியது. மனம்தான் ஓரிடத்தில் நிற்கவில்லை. திகனப் பெண்ணை அழைத்தேன்.

"அந்த எரிச்சல் ஒங்கட உடம்பால வந்ததில்ல தங்கச்சி. நான் கலந்த டையால வந்தது."

அவள் சொன்னாள்: "கொடி மாதிரி தழும்பு இன்னும் போகாம ஈக்கி ராத்தா."

அவள் மணிக்கட்டில் நான் வரைந்த கொடிதான். இரண்டு வாரத்தில் அழிந்துவிடும் என்று சொல்லித்தான் போட்டேன்.